இன்ஜின் கழுவிய மருமகள்

"படிச்ச பொண்ணாம்! கார் இன்ஜினைப் பாத்திரம் மாதிரி கழுவி வச்சிருக்கா, நீயே வந்து பாருப்பா!"

மெக்கானிக் நுழைந்ததும் நுழையாததுமாக மாமியார் ஆரம்பித்துவிட்டாள்.

மாமனார் சாவியைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நாளை பேரனுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. தினமும் தானே காரில் கொண்டுபோய் விடப்போவதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

மெக்கானிக் பானெட்டைத் தூக்கிவிட்டு, பக்கத்தில் நின்ற மருமகளைக் கேட்டான்.

"தண்ணியைப் பீய்ச்சி அடிச்சீங்களாம்மா?"

"இல்லண்ணா. இன்ஜின் நல்லா ஆறினப்புறம் பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு, ஃப்யூஸ் பெட்டியெல்லாம் பிளாஸ்டிக் பையால மூடிட்டு, பிரஷ்ல தேய்ச்சு ஈரத்துணியாலதான் துடைச்சேன். எல்லாம் காஞ்சப்புறம்தான் ஒயரை மாட்டினேன்."

"அப்ப ஏன் ஓடலையாம்? அதையும் கேளு!" என்று முழங்கிவிட்டு, மாமியார் டீ போட உள்ளே போனாள்.

மெக்கானிக் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தான். மருமகளைத் திரும்பிப் பார்த்தான். பெட்ரோல் பம்ப்புக்கான ஃப்யூஸைக் காணோம்.

மருமகள் மூடியிருந்த கையை விரித்தாள். அதில் இருந்தது.

"காட்டிக் குடுத்துடாதீங்கண்ணா. போன வாரம் மாமா ரிவர்ஸ் எடுத்தப்ப என் பையனோட மூணு சக்கர சைக்கிள் மேலேயே ஏத்திட்டார். அவன் அப்பதான் அதுலேர்ந்து இறங்கினான். மாமாவுக்குக் கண்ணு சரியாத் தெரியலை. அதை அவர்கிட்ட யார் சொல்றது? மனசு உடைஞ்சு போயிடுவார். நான் கெடுத்ததாவே இருந்துட்டுப் போகட்டும்."

"சரிம்மா. ஆனா இங்க..."

உள்ளே பையன் சிணுங்கினான். மருமகள் ஓடிவிட்டாள்.

பெட்டிக்குள் இன்னும் இரண்டு ஃப்யூஸ்களின் இடம் காலியாக இருந்தது.

மாமியார் டீயோடு வந்தாள். "நல்லா நறுக்குன்னு நாலு கேளு அவளை!" என்று வராந்தாவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, டம்ளரோடு சேர்த்து ஒரு ஃப்யூஸையும் அவன் கையில் திணித்தாள்.

"நேத்து இன்ஜின் காயட்டும்னு திறந்து வச்சிருந்தா. உருவிட்டேன். பேரனை நம்பி அனுப்ப முடியலைப்பா. மனுஷன் கண் டாக்டர்கிட்ட வர்ற வரைக்கும் வண்டி உன் ஷெட்டுலயே கிடக்கட்டும். பாவம், அந்தப் பொண்ணு ஒரு தப்பும் பண்ணலை. இவ்வளவு திட்டறேன், வாயைத் திறக்கறாளா பாரு! அவகிட்ட மூச்சு விட்டுடாதே."

அது வைப்பர் ஃப்யூஸ்; அது இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். மெக்கானிக் சிரிப்பை டீயோடு சேர்த்து விழுங்கினான்.

வண்டியை ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டியதுதான் என்று உரக்க அறிவித்தான். மாமியார் டம்ளரை வாங்கிக்கொண்டு போனதும், மாமனார் கைப்பிடியைத் தடவியபடி படியிறங்கி வந்தார்.

"எத்தனை நாளாகும்?"

"கொஞ்சம் இழுக்கும் சார்."

"இழுக்கட்டும், இழுக்கட்டும். ஒண்ணும் அவசரமில்லை."

வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"மருமகளை யாரும் குத்தம் சொல்ல வேணாம். நான்தான் கைக்கு அகப்பட்டதைப் பிடுங்கினேன். அந்த சைக்கிள் நிஜமாவே என் கண்ணுக்குத் தெரியலைப்பா. காலமெல்லாம் வண்டி ஓட்டினவன், இதை வீட்டுல எந்த வாயால சொல்றது?"

சட்டைப் பையிலிருந்து எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

ஹார்ன் ஃப்யூஸ்.

மெக்கானிக் அதைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டான்.

"இதனாலதான் சார் வண்டி நின்னுச்சு!" என்றான்.