சுவரோரம் குறுக்காக

விரிப்பை நேராக விரிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அவள் வாசலிலேயே நின்றாள். கக்கத்தில் சுருட்டிய யோகா விரிப்பு. ஏழு வாரம் கழித்து இன்றைக்குத்தான் வகுப்புக்கு வந்திருக்கிறாள்.

உள்ளே பெண்கள் விரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் மேடையைப் பார்த்து, நூல் பிடித்த மாதிரி. நளினி டீச்சர் அப்படித்தான். ஒரு சாண் கோணினாலும் பொறுக்க மாட்டாள்.

சுவரில் டீச்சர் கைப்பட எழுதிய பலகை. செருப்பு வெளியே. செல்போன் பைக்குள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். அடுத்தவர் விரிப்பை மிதிக்கக் கூடாது. வாசனை எதுவும் ஆகாது. மல்லிகைப்பூவும் அதில் சேர்த்திதான் என்று கோயமுத்தூர்ப் பெண்களிடம் சொல்லும் துணிச்சல் இந்த டீச்சர் ஒருத்திக்குத்தான் உண்டு.

கடைசி விதியில் மட்டும் கொஞ்சம் இளகியிருந்தாள்.

தலைகீழ் ஆசனங்கள் செய்ய முடியாதவர்கள் சுவரோரம் குறுக்காக விரிக்கவும். காரணம் சொல்ல வேண்டாம். யாரும் கேட்கவும் கூடாது.

மாதத்தில் மூன்று நாள், நான்கு நாள் எல்லோரும் அங்கே போய்விட்டு வருவதுதான். பத்து நாளைத் தாண்டியும் ஒருத்தி அங்கேயே விரித்தால் வகுப்புக்கே விஷயம் புரிந்துவிடும்.

கேட்க மாட்டார்கள். சிரிப்பார்கள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவளும் அப்படி அங்கேயே விரித்தாள். பதினோராம் நாள், தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சுலோச்சனாம்மா ஒரு தலையணையைக் கொண்டுவந்து அவள் முதுகுக்கு வைத்தார். கன்னத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போனார்.

அதற்கு நான்கு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துபோனது.

பதினோரு வாரக் கரு.

வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமியார் அழுது ஓய்ந்துவிட்டார். அலமாரியில் இருந்த சத்து மாத்திரை அட்டைகளைக் கணவன் எடுத்துக்கொண்டு போனான். எங்கே போட்டான் என்று அவள் கேட்கவில்லை. அக்கம்பக்கத்துக்குத் தெரியும், ஆபீஸுக்குத் தெரியும், பால்காரருக்குக்கூடத் தெரியும். அடுத்த தடவையைப் பற்றிய பேச்சே வந்துவிட்டது.

இங்கே மட்டும்தான் யாருக்கும் தெரியாது.

நேராக விரித்தால் தெரிந்துவிடும். வாயைத் திறக்க வேண்டியதில்லை. முப்பது பேருக்கும் ஒரே நொடியில் செய்தி போய்விடும். அதைத்தான் செய்வது என்று வண்டியில் வரும்போதே முடிவு பண்ணியிருந்தாள். முதல் வரிசை, ஜன்னல் பக்கம். விரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது.

உள்ளே வந்தாள்.

சுலோச்சனாம்மா பார்த்துவிட்டார். முகமெல்லாம் மலர்ச்சி. சுவரோரம் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்ணைத் தள்ளிப் போகச் சொல்லி இடம் ஒழித்தார். தலையணையை எடுத்து, இரண்டு தட்டுத் தட்டி வைத்தார். அம்மா வீட்டில் ஓய்வெடுத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று எல்லோருமாகத் தீர்மானித்திருப்பார்கள் போல. வாந்தி, மயக்கம், யாருக்குத்தான் இல்லை.

ஜன்னல் பக்கம் இடம் காலியாகத்தான் இருந்தது.

அவள் சுவரோரம் போனாள். குறுக்காக விரித்தாள்.

வெட்கத்தினால் இல்லை. பயத்தினாலும் இல்லை. இந்த ஹால் ஒன்றில்தான் அது இன்னும் உயிரோடு இருந்தது. இவர்கள் முகத்தில் இருந்தது. இங்கேயும் தன் கையாலேயே முடித்துவைக்க அவளுக்குத் தெம்பில்லை.

சிரசாசனம் வந்தது. வரிசை வரிசையாகக் கால்கள் மேலே போயின. அவள் மல்லாந்து படுத்து, கால்களைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். நல்லவேளை, அப்படிப் படுத்தால் கண்ணீர் காதுக்குள் இறங்கிவிடுகிறது. யாரும் பார்ப்பதில்லை.

வகுப்பு முடிந்ததும் டீச்சர் ஒரு நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திங்கட்கிழமையிலிருந்து கர்ப்பிணிகளுக்குத் தனி வகுப்பாம். ஏற்கெனவே இரண்டு பேர் சேர்ந்தாயிற்றாம். விதியை எழுதியவளே கேட்க வேண்டியிருக்கிறதே என்று பாவம், டீச்சருக்கு ஏகச் சங்கடம். எத்தனையாவது மாசம் என்று மட்டும் சொன்னால் போதும், அதற்குத் தகுந்த மாதிரிதான் ஆசனம் சொல்லித்தர முடியும் என்றாள்.

இப்போதாவது சொல்லிவிடலாம். அவள் வாயைத் திறந்தாள்.

"அஞ்சுங்க."

கணக்கு எங்கேயும் தப்பவில்லை. பதினோரு வாரம், அதற்குமேல் ஏழு வாரம். அவளை அறியாமல் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டேதான் வந்திருக்கிறாள்.

டீச்சர் எழுதிக்கொண்டாள். வயிறே தெரியவில்லையே என்று பின்னால் யாரோ சொன்னார்கள். தலைச்சனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று சுலோச்சனாம்மா அவர்களை அடக்கினார். பிறகு அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"அஞ்சுன்னா அசைஞ்சிருக்குமே, கண்ணு?"

சுருட்டிய விரிப்புகளோடு எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஒருவரும் கிளம்பவில்லை.

அவள் கையை விடுவித்துக்கொண்டு வயிற்றின்மேல் வைத்தாள்.

"நேத்துத்தானுங்க," என்றாள். "சாயங்காலம். காய் அரிஞ்சிட்டு இருந்தப்ப."