ஹோரி சுற்றிய கம்பி

"ஒரே ஒரு மாசம் கொடுங்க மாமா. அப்பா பெட்டியில மாட்டிக்கறேன். அப்புறம் நானே கழற்றிக் கொண்டுவந்து தந்துடறேன்."

கோஃபுவிலிருந்து ரயிலில் வந்திருந்த சிஹாரு, வாங்கி வந்த திராட்சைப் பெட்டியைக்கூட இன்னும் மடியிலிருந்து இறக்கவில்லை. இனாகாகி பார்லி தேநீரை ஊற்றினார்.

அவள் கேட்டது இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களை. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். குறுந்தகட்டில் வெறும் எண்களாகக் கிடக்கும் இசையைத் திரும்பவும் ஒலியாக்கித் தருகிற டி.ஏ.சி. பெட்டியில், ஒலி வெளியேறும் கடைசி இடத்தில் பெரும்பாலானோர் ஒரு மின்னணுச் சில்லை வைத்து முடித்துவிடுவார்கள். ஆனால் சிஹாருவின் அப்பா ஹோரி, அங்கே டிரான்ஸ்ஃபார்மர்தான் வேண்டும் என்று சாதிப்பவர். தன் கையாலேயே கம்பி சுற்றி இரண்டு ஜோடி செய்தார். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டார். மற்றதைப் பதினோரு வருடங்களுக்கு முன் நண்பர் இனாகாகிக்குக் கொடுத்தார்.

"அப்பாவோடதுல உள்ளே கம்பி அறுந்துடுச்சு. தலைமுடியைவிட மெல்லிசு. பக்கவாதம் வந்த கையால இனிமே அவரால சுத்த முடியாது."

"கடையில நல்லதாவே கிடைக்குதே. நான் வாங்கித் தரேன்."

"வாங்கி ஆஸ்பத்திரி அறையிலேயே மாட்டியாச்சு மாமா. ரெண்டு நிமிஷம் கேட்டார். 'யார் வீட்டுப் பாட்டு இது?'ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார்." அவள் குரல் இறங்கியது. "இலையுதிர் காலத்தைத் தாண்டறது கஷ்டம்னு டாக்டர் சொல்றார்."

இனாகாகி கோப்பையைக் கீழே வைத்தார்.

"முடியாதும்மா."

"என்னது?"

"வேற எது வேணும்னாலும் கேளு. அதை மட்டும் கேட்காதே."

சிஹாருவின் முகம் சிவந்தது.

"வருஷா வருஷம் புத்தாண்டு அட்டையில எழுதுவீங்களே, 'நீ கொடுத்ததை மாட்டின நாள்லேருந்து செல்லோ என் அறையிலேயே வந்து உக்காந்துடுச்சு'ன்னு! அத்தனை அட்டையும் ஆஸ்பத்திரியில தலையணைக்கு அடியில இருக்கு. ஊசி போட வர்ற நர்ஸுக்கெல்லாம் படிச்சுக் காட்டறார். அந்த மனுஷனுக்கு ஒரு மாசம் விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனசு வரலையா?"

"வரலை."

"அம்மா அப்பவே சொன்னாங்க. அந்த ஆள் ஸ்க்ரூடிரைவர் கடன் வாங்கினாலே வீடு திரும்ப ஒரு வருஷம் ஆகும், டிரான்ஸ்ஃபார்மர் திரும்பவே திரும்பாதுன்னு."

இனாகாகி தலையைக் குனிந்து அதையும் வாங்கிக்கொண்டார்.

கோபமாக எழுந்து போனவள் வாசலில் நின்றாள்.

"ஒரு தடவை போட்டாவது காட்டுங்க. எப்படி இருந்துச்சுன்னு அவர்கிட்ட சொல்லணும்."

இதை அவரால் மறுக்க முடியவில்லை. செல்லோ வாத்தியக் குறுந்தகட்டை எடுத்துப் போட்டார். சிஹாரு தரையில் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. முதல் பகுதி முடிவதற்குள் அவள் கன்னங்கள் நனைந்துவிட்டன.

"அப்பா சொன்ன மாதிரியே இருக்கு. அடி ஸ்வரம் வர்றப்போ தரையில கை வெச்சா தெரியும்பார். தெரியுது." கைக்குட்டையால் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "மன்னிச்சுடுங்க மாமா, ஏதேதோ பேசிட்டேன். இதைக் கேட்டப்புறம் யாருக்குத்தான் கழற்றிக் கொடுக்க மனசு வரும்?"

இனாகாகி குறுந்தகட்டை வெளியே எடுத்து உறையில் வைத்தார்.

"அப்பாகிட்ட சொல்லிடறேன். 'கெஞ்சிப் பார்த்துட்டேன், இனாகாகி மாமா பிடிச்ச பிடியை விட மாட்டேன்னுட்டார்'னு. கையில கிடைச்சிருந்தாக்கூட இவ்வளவு சந்தோஷப்பட மாட்டார்."

திராட்சைப் பெட்டியை அவர் முன்னால் வைத்து, இடுப்பு வளைய வணங்கிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு நடந்தாள். அவள் தெருமுனை திரும்பும்வரை இனாகாகி மழைச் சாரலில் நின்றார். கூப்பிட்டு நிறுத்த நினைத்தார். கருமி என்ற பெயர் எவ்வளவோ மேல் என்று தோன்றியது. உள்ளே வந்து டி.ஏ.சி.யை அணைத்து, நான்கு திருகுகளையும் கழற்றி மூடியைத் தூக்கினார்.

கடைசி இடத்தில் ஈர்க்குச்சிக் கால்களோடு சில்லுகள் உட்கார்ந்திருந்தன; ஹோரியின் டிரான்ஸ்ஃபார்மர்களை அவர் பதினோரு வருடங்களுக்கு முன்பே, மீட்டரில் அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிய மறுநாள், ஒரு தடவைகூடக் காதால் கேட்காமல் உலோகக் குப்பை வண்டியில் போட்டுவிட்டிருந்தார்.