போயிட்டு வாரேன்

"இனிமே இந்த வீட்டுப் படிய மிதிக்க மாட்டேன். போயிட்டு வாரேன்!"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பவதாரிணி வெளியேற, ஒத்திகை பார்க்க வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

நாடகம் சொல்லிக்கொடுக்க வந்த இம்மானுவேல் மாஸ்டருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை மாவட்டப் போட்டி. எப்படி வரும்?

"ஏம்மா, படிய மிதிக்க மாட்டேங்குற. அதே வாயால போயிட்டு வாரேங்குற. கோவிச்சுக்கிட்டுப் போறியா, ரேஷன் கடைக்குப் போறியா?"

"வாய்ல அப்படித்தான் சார் வருது."

"போன வாரமெல்லாம் ஒழுங்காத்தான சொன்ன? 'நான் போறேன்.' ரெண்டே வார்த்தை. மூத்த மகன் வீட்ட விட்டே போறான். அதுலதான் நாடகமே நிக்குது. சொல்லு."

மறுபடி எடுத்தார்கள். படி வந்தது, மிதிக்க மாட்டேனும் கணீரென்று வந்தது. கடைசியில் அதே "போயிட்டு வாரேன்".

தமிழாசிரியை ஆனிமேரிக்குப் பொறுக்கவில்லை. பொம்பளைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இந்த நாடகத்துக்கு ஹெச்.எம்.மிடம் கெஞ்சி அனுமதி வாங்கியவர் அவர்தான்.

"போறேன்னு சொன்னா ஆகாதுன்னு வீட்ல சொன்னாங்களாக்கும்? படிக்கிற பிள்ளைக்கு இம்புட்டு மூடநம்பிக்கையா? மாஸ்டர், இவளை எடுத்திருங்க. கனகாவுக்கு வசனம் தெரியும்."

மாஸ்டருக்கு மனசே இல்லை. இந்தக் குரல் கனகாவுக்கு வராது.

"கடைசியாக் கேக்குறேன் பவதாரிணி. சொல்லுவியா, மாட்டியா?"

அவள் துண்டை மடித்துக் கனகாவிடம் கொடுத்தாள். கண் கலங்கிவிட்டது.

"நான் திரை இழுக்குறேன் சார்."

"கொழுப்பப் பாருங்க," என்றார் ஆனிமேரி.

கனகா வந்து நின்றாள். "இனிமே இந்த வீட்டுப் படிய மிதிக்க மாட்டேன். நான் போறேன்." அச்சுப் பிசகாமல் சொல்லிவிட்டு வெளியேறினாள்.

அம்மா வேஷத்தில் நின்ற ஆர்த்திகா அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இதுவரை கண்ணைக் கசக்கிக்கொண்டு சும்மா நின்ற பிள்ளை.

"பாத்தீங்களா டீச்சர், இதான் நடிப்பு. மகன் சரியாச் சொன்னா அம்மாவுக்குத் தானா அழுகை வருது."

மாஸ்டர் கைதட்டினார். எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். ஆர்த்திகா அழுகையை நிறுத்தவில்லை.

பவதாரிணி திரையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். மாஸ்டருக்கும் டீச்சருக்கும் மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்:

"தட்ட வேணாம் சார். ஞாயித்துக்கிழமை ஆர்த்திகாவோட அம்மா சண்டை போட்டுட்டு, இதையே சொல்லிட்டுத்தான் வீட்ட விட்டுப் போனாங்க. இன்னும் வரல. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அழுதா. அதான், நானாச்சும் அவகிட்ட வாரேன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்."