ஒரு வார்த்தை விடாமல்

மடியில் இரண்டு விண்ணப்பங்கள் இருந்தன. ஒன்று பி.காம். இன்னொன்று சைகை மொழிபெயர்ப்பாளர் படிப்பு.

எதை நீட்டினாலும் அவளுக்கு ஒன்றுதான். அப்பா செத்துப்போன இந்த எட்டு மாதமாகவே அப்படித்தான். சோறும் மண்ணும் ஒரே ருசி.

பக்கத்தில் அம்மா. பிறந்ததிலிருந்தே காது கேளாது, பேச்சும் கிடையாது.

எதிரில், சைகைப் படிப்புக்கு ஆள் எடுக்கும் ஸ்டெல்லா மிஸ். "எனக்குச் சைகை தெரியும். ஆனா நான் கைய அசைக்க மாட்டேன். ரெண்டு பேருக்கும் நடுவுல நீதான். அதான் தேர்வு" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஒங்க மவள எதுக்கு இதுல சேக்குதீங்க?"

அவள் சைகையில் கேட்டாள். அம்மாவின் கைகள் பறந்தன.

இவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எனக்குச் சொன்னது இவள்தான். இவளைப் போல் யார் சொல்லுவார்கள்?

விடாமல் சொன்னாளாம்!

"இன்னைக்குப் பொழுது தாங்காது, பக்கத்துலயே இருங்க" என்றுதான் டாக்டர் சொன்னார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கை எழவில்லை. குணமாகிறது என்று காட்டினாள். அம்மா சந்தோஷமாகக் கஞ்சி வைக்க வீட்டுக்குப் போனாள். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவள் மிஸ்ஸிடம் சொன்னாள்.

"எனக்குச் சைகை நல்லா வரும்னு சொல்லுதாங்க."

மிஸ்ஸின் பேனா நின்றது.

அடிப்பாவி, அவருக்குத்தான் சைகை தெரியுமே! வங்கியில், ரேஷன் கடையில், பள்ளிக்கூடத்தில் கூட்டியும் குறைத்தும் சொல்லிச் சொல்லி வந்த பழக்க தோஷம்.

"அவ்வளவுதான் சொன்னாங்களா?"

மிஸ்ஸின் கைகள் மேசைமேல் அப்படியே இருந்தன.

அம்மா தோளைத் தட்டினாள். என்ன கேட்கிறார்? முகமெல்லாம் பெருமை.

பி.காம் விண்ணப்பத்தோடு எழுந்து போய்விட்டால் முடிந்தது. அம்மாவுக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை.

அழுகை வரவில்லை. பயம் மட்டும் இருந்தது, அதுவும் எங்கோ தூரத்தில்.

இரண்டு விண்ணப்பங்களையும் மேசைமேல் வைத்தாள். நாற்காலியை அம்மா பக்கம் திருப்பி, ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி உட்கார்ந்தாள்.

நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தாள்.

டாக்டர். அன்றைக்கு அவர் சொன்னது.

அம்மா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.