கழுவி வைத்த தெரு

பாதை பிரியும் இடத்தில் அமரர் ஊர்தியை நிறுத்தச் சொன்னவர் அம்முலு அம்மாள்தான்.

ஊர்திக்குள் கிடத்தப்பட்டிருந்தவர் அவருடைய அண்ணன், உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதியரசர் கிருஷ்ணசாமி அவர்கள். பின்னால், சென்னையிலிருந்து வந்த கார்கள் உத்திரமேரூர்ச் சாலை வரை வரிசையாக நின்றன.

இடப்பக்கம் ஊர்த்தெரு. தார் போட்ட நேர்வழி. அதன் கோடியில் செய்யாற்றங்கரை. அங்கேதான் காலனியின் இடுகாடு.

வலப்பக்கம் நடவு முடிந்த வயல்களும் ஒரு வரப்பும். சுற்றி வளைத்து அதே இடுகாட்டுக்குத்தான் போகும். காலனியில் இறந்தவர்களுக்கு என்றைக்கும் வலப்பக்கம்தான்.

வரப்பில் ஒருவர்தான் நடக்கலாம். பாடை தூக்குவோர் இருபுறமும் சேற்றில் இறங்கியாக வேண்டும்.

இன்று ஊர்த்தெரு கழுவி விடப்பட்டிருந்தது. முனையில், ‘எங்கள் ஊர் தந்த நீதியரசர்’ என்று ஆளுயரப் பதாகை. அதனடியில் ஊர்ப்பெரியவர் பச்சமுத்து ரோஜா மாலையுடன் நின்றிருந்தார். நேற்று வரை ‘ஏய் அம்முலு’ என்று கூப்பிட்டவர் அவர்.

“இன்னாம்மா, இங்கியே நிறுத்திட்டீங்க? தெருவெல்லாம் கழுவி வச்சிக்கினு காத்துக்கினு கீறோம். ஐயா நம்ம தெரு வழியாவே போவட்டும்.”

“போன மாசம் எங்க காலனி செவ்வந்தி செத்தாளே நைனா, அப்ப இந்தத் தெரு எங்க போயிருந்திச்சி?”

“அவ யாரு, ஐயா யாரு? ரெண்டையும் ஒண்ணா பேசாதம்மா.”

“நாளைக்கு நான் செத்தா?”

பச்சமுத்து மாலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

நீதியரசர் அவர்கள் பணியிலிருந்த காலத்தில் எத்தனையோ ஊர்களில் இத்தகைய பாதைகளைத் திறந்துவிட உத்தரவிட்டவர். இறந்தவருக்கு வழி மறுக்க எவருக்கும் உரிமை இல்லை என்ற அவருடைய தீர்ப்பை வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். ஆயினும் இந்த ஊரின் வழக்கு அவர் முன் வந்த அன்று, இது என் சொந்த ஊர், நான் விசாரிப்பது முறையாகாது என்று கூறி விலகிக்கொண்டார். வேறொரு நீதிபதியிடம் சென்ற அவ்வழக்கு இன்றுவரை முடியவில்லை.

காலனியில் அதை மன்னிக்காதவர்கள் உண்டு. “ஊருக்கெல்லாம் வழி வுட்டாரு, பொறந்த எடத்துக்கு வுடல” என்று அம்முலு அம்மாளின் காதுபடவே பேசினார்கள்.

அம்முலு அம்மாள் அண்ணனைக் குறை சொன்னதில்லை. தாயார் இறந்த மழைக்காலத்தில், சட்டம் படித்துக்கொண்டிருந்த அண்ணனின் கால் இதே சேற்றில் வழுக்கியதை அவர் பார்த்திருக்கிறார். பாடை சாய்ந்தது. அண்ணன் தன் சட்டையைக் கழற்றித் தாயின் முகத்துச் சேற்றைத் துடைத்தார்.

அம்முலு அம்மாள் ஊர்தியின் கதவைத் தட்டினார்.

“டேய் ஜான்சா, எறக்குங்கடா. வயக்காட்டு வழியா போவலாம்.”

வட்டாட்சியர் வியர்த்து ஓடி வந்தார். “அம்மா, ஐகோர்ட் ஜட்ஜுங்கல்லாம் வந்திருக்காங்க. அவங்க எப்படிம்மா இந்தச் சேத்துல...”

“எங்க அண்ணன் அப்பிடித்தான் சொல்லிட்டுப் போச்சி. கடைசி ஆசை. நீ தடுக்கப் போறியா சார்?”

நீதியரசரின் மகள் நிஷா நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார்.

இறந்தவரின் விருப்பம் என்றான பிறகு, தடுக்க எவருக்கும் துணிவில்லை.

பாடை வயலில் இறங்கியது. மரியாதை செலுத்த வந்த காவலர்கள் துப்பாக்கிகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கறுப்புக் கோட்டுகள் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கின. ஒரு மூத்த வழக்கறிஞர் குனிந்து சேற்றைத் துழாவினார்.

முன்னால் தோள் கொடுத்திருந்த காலனி இளைஞன் ஜான்சன் திரும்பினான். “ஷூவத் தேடாதீங்க சார். எங்க செருப்புங்க நெறைய உள்ள கீது, அதுங்களோட இருக்கட்டும்.”

நடுவயலில் ஒருவனின் கால் புதைந்து பாடை சாய்ந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த நீதிபதி ஒருவர் பாய்ந்து தோள் கொடுத்தார். அதன் பிறகு ஆற்றங்கரை வரை அவர் அந்தத் தோளை எடுக்கவில்லை.

பச்சமுத்து மாலையுடன் கழுவிய தெருவிலேயே நின்றிருந்தார். அந்தத் தெருவில் அன்று ஒருவரும் நடக்கவில்லை.

எல்லாம் முடிந்து, குழி மூடப்பட்டது. தோள் கொடுத்த நீதிபதி இடுப்பு வரை சேறாக நின்று, எதிரே நேராகத் தெரிந்த தார்ச்சாலையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆற்று நீரில் கால் கழுவும்போதுதான் நிஷா மெல்லக் கேட்டார்.

“சென்னையிலேயே மின்மயானத்துல எரிச்சிடணும், ஊருக்குக் கொண்டுபோகவே கூடாதுன்னுதானே அத்தை அப்பா சொன்னார்? உங்ககிட்டயும் சொன்னாரே.”

அம்முலு அம்மாள் முந்தானையைப் பிழிந்தார். சேற்று நீர் வழிந்தது.

“சொல்லிச்சி. அது ஜட்ஜு, சொந்த ஊரு கேஸுன்னா ஒதுங்கிக்கணும். நான் இன்னா ஜட்ஜா?”