சேர்ந்த தேதி

"ஷூ முனை வாசல் பக்கம் பாக்கணும்னு எத்தன தடவ சொல்றது? கண்ணு தெரியலையா?"

"தப்புதான், அண்ணே."

ஐம்பத்தெட்டு வயது தோஃபு மண்டியிட்டு, இருபத்தாறு வயது வசாபியின் ஷூவைத் திருப்பி வைத்தார். ஒப்பனை அறையில் யாரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒசாகாவின் அந்தச் சிரிப்பரங்கத்தில் வயதை யாரும் கேட்பதில்லை. கம்பெனியில் சேர்ந்த தேதிக்குத்தான் மரியாதை. வசாபி நான்கு வருடம் முன்னால் சேர்ந்தவன், ஆகவே அண்ணன். பெயர்கள்கூட மேடைக்காகக் கம்பெனி வைத்தவைதான்.

"இன்னைக்கு என்னன்னு தெரியுமில்ல?"

"தெரியும், அண்ணே. புதுசா வந்தவங்களுக்குக் கடைசித் தேர்வு. கூட்டம் சிரிக்கலைன்னா வெளிய."

"வெளிய போனா என்ன பண்ணுவ?"

"லிஃப்ட் கம்பெனி வேலையையும் விட்டுட்டேன். வீட்டம்மா ஒரு வருஷம்தான் டைம் கொடுத்தாங்க. இன்னைக்குத் தோத்தா, அப்புறம் மேடைங்கற பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"அந்தம்மா சொன்னதுல தப்பே இல்ல. மொதல்ல சாப்பிடு. மேடையில மயங்கி விழுந்தா அதுக்கும் யாரும் சிரிக்க மாட்டாங்க."

இருவரும் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்தார்கள். இரண்டிலும் முட்டைச் சுருள் ஒரு ஓரம் கருகியிருந்தது. இருவருமே அதை ஒதுக்காமல் சாப்பிட்டார்கள்.

மூன்று மணிக்குத் தோஃபு மைக் முன்னால் நின்றார். எதிரே நாற்பது பேர்.

"முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் கம்பெனியில இருந்தேன். மேல போகவே இல்ல."

ஒருவர் இருமினார்.

அடுத்த வரி மறந்துபோனது. தோஃபு பழக்க தோஷத்தில் மேடையோரம் திரும்பி, இடுப்புவரை குனிந்தார். "தப்புதான், அண்ணே."

"யோவ், என்னை ஏன் பாக்குற? அங்க பாருய்யா!" திரைக்குப் பின்னாலிருந்து வசாபி கத்தியது அரங்கம் முழுக்கக் கேட்டது.

தோஃபு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"அண்ணன் உங்களப் பாக்கச் சொல்றார். நான் மொத சம்பளம் வாங்கினப்ப, இந்த அண்ணன் பொறக்கவே இல்ல."

முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் அடங்கவில்லை. அவளைப் பார்த்துப் பக்கத்து நாற்காலி சிரித்தது. பிறகு பின்வரிசையும்.

மேலாளர் தொகாஷி குறிப்பேட்டுடன் மேடையோரம் வந்தாள்.

"பாதிச் சிரிப்பு உன் கத்தலுக்கு வந்தது, வசாபி. அதனால உன்னையே கேக்குறேன். உன் தம்பிய வச்சுக்கலாமா, அனுப்பிடலாமா?"

"குரல் சரியில்ல. நிக்கத் தெரியல. ரெண்டாவது வரியிலயே மறந்துட்டான்."

"அப்ப அனுப்பிடவா?"

வியர்வை வழிய நின்ற தோஃபு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வசாபி தொகாஷியின் பக்கம் திரும்பினான்.

"சிரிச்சா உள்ள, சிரிக்கலைன்னா வெளியன்னு போர்டுல எழுதி வச்சது நீங்கதானே, மேடம்? சிரிச்சுத் தொலைச்சுட்டாங்களே."

தொகாஷி குறிப்பேட்டில் தேர்ச்சிக்கான வட்டம் போட்டாள். தோஃபு அவளுக்கு ஒரு தடவை, வசாபிக்கு மூன்று தடவை குனிந்தார்.

மாலையில் வசாபி கைவீசிக்கொண்டு வெளியே நடந்தான். இருவருடைய பைகளையும் தூக்கிக்கொண்டு தோஃபு மூன்றடி பின்னால் வந்தார்.

"சீக்கிரம் நட. ரயில் உனக்காக நிக்காது."

"இதோ வந்துட்டேன், அண்ணே."

நூடுல்ஸ் கடை முனை திரும்பியதும் அரங்கத்தின் வாசல் மறைந்தது. வசாபி நின்றான். பைகளை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தி, மறுமுனையில் குரல் வந்ததும் அதை இரண்டு கையாலும் நீட்டினான்.

"பேசுங்கப்பா, அம்மா லைன்ல இருக்காங்க."