புதுசா ஓட்டுறவனுக்கு ஒரு வண்டி

"புதுசா ஓட்டுறவனுக்கு இவ்வளவு பெரிய வண்டியா? கால் தரையில எட்ட வேண்டாமா..."

"எட்டும், எட்டும். அவன் உன்னைவிட ஒரு சாண் உயரம்..."

"உயரம் இருந்தா போதுமா? பிரேக்கை எப்பப் பிடிக்கணும்னு தெரியணும்ல..."

"வந்துட்டா, வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்க."

"ஏன், நான் தினம் சந்தைக்கு ஸ்கூட்டர்லதானே வர்றேன்? வழியில இருக்கிற குழியிலெல்லாம் விடுறது நீங்கதான்."

ஹுவே நகரத்துச் சந்தையை ஒட்டிய கடை அது. லுயெனும் அவள் கணவர் தொவானும் ஒருவர் பேச்சை ஒருவர் முடிக்க விடாமல் நின்றார்கள். தொவானின் கண் வாசலில் நின்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக்கை விட்டு நகரவில்லை. லுயென் அதற்குப் பக்கத்தில் இருந்த சின்ன நீல வண்டியின் கைப்பிடியில் வைத்த கையை எடுக்கவில்லை.

கடைக்கார ஹன் அக்கா ஐஸ் போட்ட தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். இந்த மாதம் வருகிறவர்கள் எல்லாரும் சிவப்பைத்தான் கேட்கிறார்கள் என்றும், பௌர்ணமிக்குள் வேண்டுமானால் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னாள். பேச்சு வேகத்தில் தொவான் சிவப்பு வண்டியின் இருக்கையில் கையை ஊன்றப் போனார். ஹன் அக்கா அவசரமாகக் குறுக்கே வந்தாள்.

"அதுமேல சாயாதீங்க தம்பி. கண்ணால பாருங்க, போதும்."

லுயென் ஒன்றும் தெரியாமல் வரவில்லை. தெருமுனை மெக்கானிக்கிடம் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். முதல் வண்டி கனம் குறைவாக இருக்க வேண்டுமாம், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்படி இருக்க வேண்டுமாம். அந்தச் சிவப்பு வண்டியில் வயிறு டாங்கில் படக் குனிந்துதான் போக வேண்டும், கைப்பிடியை லேசாகத் திருகினாலே பாய்ந்துவிடும் என்று அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். இப்போது சின்னதில் கை பழகட்டும், அடுத்த வருஷம் இதே பௌர்ணமிக்குப் பெரிதாக வாங்கிக் கொடுக்கலாம் என்றாள்.

"அவ்வளவு பெரிய வண்டிக்கு அவன்கிட்ட லைசென்ஸ்கூடக் கிடையாது."

"அங்க யாரு லைசென்ஸ் கேக்கப் போறா?"

"அங்க ரோடு எப்படி இருக்குன்னு நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

தொவான் தேநீரைக் கையில் எடுத்தார், குடிக்காமலே திரும்ப வைத்தார்.

கியெத் அவர்களுக்கு ஒரே பையன். மாமாவின் பழைய வண்டியில் ஓட்டப் பழகியதிலிருந்து அவனுக்குச் சிவப்புப் பித்துப் பிடித்துவிட்டது. சமையலறைச் சுவரில் அந்த வண்டியின் படத்தை ஒட்டிவிட்டு, அம்மா சோறு போடும்போதெல்லாம் அதைப் பற்றியே பேசினான். கல்லூரி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவளும் ஒவ்வொரு முறையும் சொல்லிவந்தாள்.

"கூட்டாளி வண்டியை இரவல் வாங்கிட்டுப் போய், பாலத்துத் திருப்பத்துல ஒரு தடவை விழுந்தது போதாதா கியெத் அப்பா?"

"கேட்டப்பவே நாம வாங்கிக் குடுத்திருந்தா, அவன் ஏன் இரவல் கேக்கப் போறான்?"

சொல்லியிருக்க வேண்டாம் என்பது சொன்ன உடனே அவர் முகத்தில் தெரிந்தது. வேண்டாம் என்று மறுத்தது அவள் ஒருத்திதான். அது இருவருக்கும் தெரியும். லுயென் நீல வண்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

தொவான் குரலைத் தணித்துக்கொண்டு, மெக்கானிக் சொல்வதும் சரிதான், நீலத்தையே எடுத்துக்கொள்வோம் என்றார். அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. சிவப்பு வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். அதன் முன்விளக்கில் படிந்திருந்த தூசியைச் சட்டைக் கையால் மெதுவாக, ரொம்ப மெதுவாகத் துடைத்தாள்.

"அவன் ஆசைப்பட்டது இதைத்தான். இதையே குடுங்க அக்கா."

யார் பெயருக்கு வண்டி என்று கேட்டு, ஹன் அக்கா நம்பர் பிளேட்டில் கியெத்தின் முழுப் பெயரை எழுதினாள். ஹெல்மெட்டும் வண்டியோடு உண்டு, பின்சீட்டிலேயே கட்டிவிடட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம். அதைத் தனியா குடுங்க."

லுயென் அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். உள்பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்த்தாள். வார் இருக்கிறதா, கொக்கி இருக்கிறதா என்று பார்த்தாள்.

வாசலில் தூறல் விழ ஆரம்பித்தது. ஹன் அக்கா ஓடிவந்து, அந்தப் பெரிய சிவப்பு வண்டியை ஒரே கையால் தூக்கிக் கூரைக்கு அடியில் வைத்தாள். மூங்கில் குச்சிகளில் ஒட்டிச் செய்த சக்கரங்களில் காகிதம் சரசரத்தது.

லுயென் கணவரின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"பௌர்ணமி அன்னிக்கு அவன் கல்லறையில எரிக்கும்போது ஹெல்மெட்டை முதல்ல எரிங்க. வண்டி அவன்கிட்ட போய்ச் சேர்றதுக்கு முன்னாடி, இந்தத் தடவையாவது அவன் அதைத் தலையில மாட்டியிருக்கணும்."